ராணுவ உணவு என்று நீங்கள் விற்ற பெட்டி குறித்த புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
சிந்துபூந்துறை,
திருநெல்வேலி.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

நாள்: 23 டிசம்பர் 2024

பொருள்: உங்கள் இணையதளத்தில் வாங்கிய 24 பொட்டல ராணுவ உணவுப் பெட்டி – காலாவதித் தேதியை மறைத்தது, பொட்டலங்கள் உப்பியது, சூடேற்றும் பைகள் சூடேறாதது – பணத்தைத் திருப்பித் தருவது, மற்றவர்களை எச்சரிப்பது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

சென்ற செப்டம்பர் 5ஆம் தேதி 4,320 ரூபாய் கட்டி உங்களிடம் ஒரு பெட்டி வாங்கினேன். எலுமிச்சைச் சோறு 8, பருப்புக் கிச்சடி 8, ரவை உப்புமா 8; ஒவ்வொன்றுக்கும் ஒரு சூடேற்றும் பை. பெட்டி 11ஆம் தேதி வந்தது.

நல்ல திடத்தோடு இருக்கிற இரண்டு பேர், அடுப்பங்கரையில் எல்லாம் இருக்க, பொட்டலச் சோற்றை எதற்கு வாங்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். என் மைத்துனியும் அதைத்தான் கேட்டாள். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் அதில் இருந்தவர்கள் தவித்ததையும், பக்கத்துக் கிராமத்து மக்கள் தங்கள் வீட்டு அரிசியை எடுத்துச் சமைத்துப் போட்டதையும் நாடே பார்த்தது. நாங்கள் எதிர்வீட்டு மாடியில் இரண்டு நாள் இருந்தோம். அவலும் கருப்பட்டியும்தான் உணவு. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்த பிறகு கீழே வந்து பார்த்தால், அரிசிப் பானையில் சேறு. அன்றைக்கே முடிவு செய்தேன், பரணில் ஒரு வாரத்துக்கு ஏதாவது எப்போதும் இருக்க வேண்டும் என்று.

என் வீட்டுக்காரர் மதராஸ் ரெஜிமெண்டில் 17 ஆண்டுகள் இருந்தவர். உங்கள் விளம்பரத்தில் இருந்த பனிமலையையும் சீருடைக்காரரையும் பார்த்து அவர் சிரித்தார். "பட்டாளத்துச் சோற்றைக் காசு கொடுத்து வாங்குகிற முதல் ஆள் நீதான்" என்றார். ஆனால் மைசூரில் 1961 முதல் பாதுகாப்புத் துறையின் உணவு ஆய்வுக்கூடம் இருப்பதும், அங்கே உருவான முறைகளைத் தனியார் நிறுவனங்களும் உரிமம் பெற்றுப் பயன்படுத்துவதும் எங்கள் இருவருக்கும் தெரியும். "மைசூரு ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம்" என்று நீங்கள் போட்டிருந்ததை நம்பித்தான் பணம் கட்டினேன். அந்த உரிமத்தின் எண்ணைக் கேட்டு இரண்டு முறை எழுதிவிட்டேன். இதுவரை வரவில்லை.

அக்டோபரில் எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று வாரம் அடுப்படிப் பக்கம் போக முடியவில்லை. வீட்டுக்காரர் மதியத்துக்குப் பெட்டியிலிருந்து ஒன்பது பொட்டலங்களை எடுத்துக் கத்தரித்து, சட்டியில் கொட்டிச் சூடாக்கி உண்டார். நானும் கொஞ்சம் உண்டேன். சுவையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. கிச்சடி நன்றாகவே இருந்தது. எலுமிச்சைச் சோற்றுக்குக் கடுகு கொஞ்சம் தாராளம். உப்புதான் தாங்க முடியவில்லை. உங்கள் அட்டையிலேயே ஒரு பொட்டலத்தில் 1,100 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருக்கிறது. ஒரு மனிதனுக்கு ஒரு நாள் முழுவதற்கும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 2,000. இரண்டு வேளை உங்கள் சோற்றை உண்டால் அன்றைய கணக்கைத் தாண்டிவிடும். நாள் முழுக்கச் சுமை தூக்கி வியர்வை சிந்துகிற சிப்பாய்க்கு அந்த உப்பு வேண்டியிருக்கும். இரத்த அழுத்த மாத்திரை போடுகிற 68 வயதுக்காரருக்கு வேண்டாம். அமெரிக்கப் படை கொடுக்கிற பொட்டலத்தில் சோற்றோடு பிஸ்கட், தடவிக்கொள்ள ஏதாவது, பானப் பொடி எல்லாம் சேர்த்துச் சராசரியாக 1,250 கலோரி இருக்கும். அதையே தொடர்ந்து 21 நாளுக்கு மேல் ஒரே உணவாக உண்ண வேண்டாம் என்பது அவர்களுடைய வழக்கம். நீங்களோ 300 கிராம் சோற்றை "ஒரு வீரரின் முழு உணவு" என்றும், "தினமும் சமைக்கும் தொல்லையிலிருந்து விடுதலை" என்றும் ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டில் எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் பணத்தைத் திருப்பிக் கேட்பது இதற்காக அல்ல.

இந்த மாதம் 13ஆம் தேதி, திருக்கார்த்திகை. மழை முதல் நாளே பிடித்துக்கொண்டது. ஆற்றில் வெள்ளம் என்று அறிவிப்பும் வந்தது. விளக்கு ஏற்றுகிற நேரத்தில் மின்சாரம் போயிற்று. கேஸ் தீர்ந்துபோய் மூன்று நாள் ஆகியிருந்தது. மழையில் சிலிண்டர் வண்டி வரவில்லை. எந்த நாளுக்கென்று வாங்கி வைத்தேனோ, அந்த நாள் வந்தேவிட்டது என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. பெட்டியை இறக்கினோம்.

சூடேற்றும் பையில் கோடு வரை தண்ணீர் ஊற்றி, பொட்டலத்தை உள்ளே வைத்து, 12 நிமிடம் காத்திருக்கச் சொல்லியிருந்தீர்கள். காத்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பை, அதற்கடுத்த பை என்று ஆறு பைகள். அவற்றில் ஒன்று மட்டும், காய்ச்சல்காரன் நெற்றி அளவுக்குச் சுட்டது. கடைசியில் அகல் விளக்கு வெளிச்சத்தில் ஆளுக்கு இரண்டு வாழைப்பழமும் பொரியுருண்டையும் தின்றுவிட்டுப் படுத்தோம்.

34 ஆண்டுகள் வேதியியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்தப் பையை அப்படியே விட மனம் வரவில்லை. "அமெரிக்க ராணுவம் பயன்படுத்தும் அதே தீயில்லாச் சூடேற்றி" என்று விளம்பரத்தில் சொல்கிறீர்கள். அமெரிக்கர்கள் பயன்படுத்துவது மெக்னீசியமும் இரும்பும் கலந்த பொடி, அதோடு உப்பு. தண்ணீர் பட்டால் மெக்னீசியம் வினைபுரிந்து சூடும் ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். அதனால்தான் அடைத்த அறையில், தீக்கு அருகில் வைத்துப் பயன்படுத்தாதே என்று அவர்கள் அச்சிடுகிறார்கள். காலையில் உங்கள் பை ஒன்றைப் பிரித்தேன். உள்ளே வெள்ளைப் பொடி. அதைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, தெளிந்த நீரில் ஒரு உறிஞ்சுகுழலை விட்டு ஊதினேன். பால்போல் வெளுத்தது. இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும்: சுண்ணாம்பு நீர்.

அதாவது நீங்கள் வைத்திருந்தது சுட்ட சுண்ணாம்பு. அதிலும் சூடு வரும், இல்லை என்று சொல்லவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வீட்டில் பானையில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் விட்டால் எப்படிக் கொதித்துக் குமுறும் என்று பார்த்தவர்கள்தான் நாங்கள். ஆனால் அது காற்றில் உள்ள ஈரத்தையே உறிஞ்சி நீறிவிடும் பொருள். நீறிய பிறகு வெற்றிலைக்குத் தடவலாம், சோறு சுடாது. உங்கள் பைகளின் மேல்ஒட்டு பல இடங்களில் விரல் நகம் நுழையும் அளவுக்குப் பிரிந்திருந்தது. தாமிரபரணிக் கரையில் மூன்று மாதம் இருந்தால் அது நீறாமல் என்ன செய்யும்? உள்ளே இருப்பது இன்ன பொருள், கண்ணில் படக் கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது என்று ஒரு வரிகூடப் பையின்மேல் இல்லை. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி எழுதுவதை உட்கார்ந்து படியுங்கள்.

14ஆம் தேதி காலை பக்கத்து வீட்டு அடுப்பில், கொதிக்கும் தண்ணீரில் ஒரு கிச்சடிப் பொட்டலத்தைப் போட்டேன். சிறிது நேரத்தில் தேதி அச்சிட்ட ஒட்டுச்சீட்டு தனியாகக் கழன்று மேலே மிதந்தது. அந்தச் சீட்டில் தயாரித்த மாதம் 2024 ஆகஸ்ட். அது ஒட்டியிருந்த இடத்தில், பொட்டலத்திலேயே அச்சாகியிருந்தது 2023 ஆகஸ்ட். 12 மாதத்துக்குள் உண்ண வேண்டும் என்ற வரியும் அதற்குக் கீழேயே. மீதமிருந்த 14 பொட்டலங்களிலும் சீட்டை உரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கதை. ஆக, நான் பணம் கட்டிய நாளிலேயே அந்தச் சோறு காலாவதியாகிவிட்டது. அட்டையில் உள்ள விவரத்தை மாற்றத் தனிச்சீட்டு ஒட்டக் கூடாது என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. விதியே இல்லாவிட்டாலும், இன்னொருவர் உண்ணப்போகும் சோற்றின் மீது இப்படி ஒரு சீட்டை ஒட்டியவர் யாரோ, அவரை ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும் எனக்கு.

அந்தப் பதினான்கில் மூன்று பொட்டலங்கள் உப்பியிருந்தன: எலுமிச்சைச் சோறு ஒன்று, கிச்சடி இரண்டு. எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தின் ஒட்டு விளிம்பைச் சூரிய வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு படலங்களுக்கும் நடுவே ஒரு கடுகு சிக்கியிருந்தது. சோற்றை நிரப்பும்போது வாயைத் துடைக்காமல் ஒட்டியிருக்கிறார்கள். இந்த வகைப் பொட்டலத்தை 121 டிகிரியில் அழுத்தத்தோடு வேகவைத்துக் கிருமி நீக்குவதும், நடுவில் அலுமினியத் தகடு வைத்து ஒட்டுவதும், இனி உள்ளே காற்றும் கிருமியும் போகக் கூடாது என்பதற்காகத்தான். ஒரு கடுகு போதும், அத்தனை வேலையும் வீண்.

எலுமிச்சைச் சோற்றுக்காவது புளிப்பு இருக்கிறது. கிச்சடியில் அதுவும் கிடையாது. காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமான இடம்தான் பாட்டுலிசம் என்ற, நரம்பை முடக்கும் நோயைக் கொடுக்கும் கிருமிக்கு உகந்த இடம். அதன் வித்து, அதாவது அது உறங்கிக் கிடக்கும் வடிவம், சாதாரணக் கொதியில் சாகாது. அதன் நஞ்சுக்கு வாடை, நிறம், சுவை எதுவும் இருக்க வேண்டும் என்பதில்லை.

அன்றே உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசினேன். எடுத்த பையன் மரியாதையாகவே பேசினான். "பொட்டலம் உப்பியிருந்தால் பரவாயில்லை மேடம், ஓர் ஓரத்தில் வெட்டிக் காற்றை விட்டுவிடுங்கள், பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள், வாடை வரவில்லை என்றால் உண்ணலாம்" என்றான். நான் இரண்டு முறை கேட்டேன், அவன் இரண்டு முறையும் அதையே சொன்னான். பாட்டுலிச நஞ்சு கொதியில் சிதையும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பொட்டலத்தை உப்ப வைத்தது எந்தக் கிருமி என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கொதித்தாலும் சிதையாத நஞ்சை விடுகிற கிருமிகளும் இருக்கின்றன. உப்பிய டின்னையும் உப்பிய பொட்டலத்தையும் திறக்காமல், முகராமல், தள்ளிவைக்க வேண்டும். அந்தப் பையன்மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம். அவன் கையில் அப்படி எழுதிக்கொடுத்தது யார் என்று பாருங்கள். வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு, கையில் இருப்பது அந்த ஒரே பொட்டலம் என்கிற நிலையில் இருப்பவர் அந்தப் பேச்சைக் கேட்டு உண்டிருந்தால், பக்கத்தில் மருத்துவமனைக்குப் போக வழிகூட இருந்திருக்காது.

"குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவில்லை, அதனால்தான் கெட்டது" என்று உங்கள் மேலாளர் பிறகு சொன்னார். எங்களுக்குக் குளிர்ந்த இடம் என்றால் குற்றாலம்தான். அதுவும் 2019இல் தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்டது. அமெரிக்கப் பொட்டலத்துக்கு 3 ஆண்டு ஆயுள் என்பதே 27 டிகிரியில் வைத்தால்தான். சூடு ஏற ஏற ஆயுள் குறையும் என்பது தெரிந்துதானே திருநெல்வேலிக்கு விற்கிறீர்கள்? அப்படியானால் எங்கள் வெயிலுக்கு எத்தனை மாதம் என்று கணக்கிட்டு அட்டையில் போடுங்கள், தமிழிலும் போடுங்கள்.

15ஆம் தேதி உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எட்டு நாள் ஆகிவிட்டது. அதனால்தான் பதிவுத் தபாலில் இந்தக் கடிதம்.

எனக்கு 4,320 ரூபாய் முழுவதும் திரும்ப வேண்டும். கூப்பன் வேண்டாம். அதைவிட முக்கியம், இதே தொகுதி எண்ணில் பெட்டி வாங்கிய ஒவ்வொருவருக்கும், உண்ண வேண்டாம் என்று நீங்களே எழுத வேண்டும். எத்தனை பேர் வாங்கினார்கள், எந்த ஊரில் என்பது உங்கள் கணினியில் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்தில் என்னைப்போலவே 2023ஐ நினைத்துப் பரணில் ஏற்றி வைத்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் அடுத்த மழை வரை திறந்து பார்க்கப் போவதில்லை. சீட்டு எங்கே ஒட்டப்பட்டது, உங்கள் ஆலையிலா, கிடங்கிலா என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும்.

ஜனவரி 14க்குள் பதில் வராவிட்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் பொட்டலங்களை ஒப்படைத்துவிட்டு, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. நான் குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்கலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. முழங்காலும் இப்போது தேவலை.

இணைப்பு: பணம் கட்டிய ரசீது நகல், சீட்டுக்கு மேலும் கீழும் உள்ள தேதிகளின் படம், ஒட்டு விளிம்பில் உள்ள கடுகின் படம், 15ஆம் தேதி மின்னஞ்சலின் நகல்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: பொருளைத் திரும்பப் பெறக் கூரியர்காரரை அனுப்புவதாக மேலாளர் சொன்னார். வேண்டாம். உப்பிய மூன்றும் மொட்டை மாடியில் மூடிபோட்ட வாளிக்குள் இருக்கின்றன. அவற்றை ஒருவர் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போக நான் விடமாட்டேன். உங்கள் ஆள் வேண்டுமானால் நேரில் வந்து பார்த்துக்கொள்ளட்டும். மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்போம்.