ஸ்வெட்ஷாப்: கடையன்று, பட்டறை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆடைத் தொழிலாளர் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் ‘ஸ்வெட்ஷாப்’ என்ற ஆங்கிலச் சொல் ‘வியர்வைக் கடை’ என்று தமிழாக்கப்பட்டிருந்தது. இங்கே ‘ஷாப்’ விற்பனைக் கடையன்று, பட்டறை. வியர்வையும் வெறும் வெக்கையால் வந்ததன்று. 19-ஆம் நூற்றாண்டு லண்டனில், பெரிய கடைகளிடம் தையல் வேலையை மொத்தமாக எடுத்து, அதை அடிமாட்டுக் கூலிக்கு ஏழைகளிடம் பிரித்துக் கொடுத்து, இடையில் மிஞ்சியதைத் தம் மடியில் முடிந்துகொண்ட தரகருக்கே ‘ஸ்வெட்டர்’ என்று பெயர். வியர்வை சிந்தியவர் அல்லர், சிந்த வைத்தவர். (குளிருக்கு நாம் அணிவதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1888-இல் இம்முறையை விசாரிக்கக் குழு அமைத்தது. ஆயினும் தையல், காகிதப் பெட்டி, லேஸ், சங்கிலி ஆகிய நான்கு தொழில்களில் குறைந்தபட்சக் கூலிக்கு வழிசெய்யும் சட்டம் 1909-இல்தான் வந்தது. அதன் பிறகும், இங்கிலாந்தின் கிரேட்லி ஹீத் என்ற ஊரில் வீட்டுக் கொல்லைப்புறக் கொட்டகைகளில் இரும்பைக் காய்ச்சிச் சங்கிலிக் கண்ணிகளை அடித்த பெண்கள், மணிக்கு இரண்டரை பென்னி என்ற அந்தச் சட்டக் கூலியைப் பெறவே 1910-இல் 10 வாரம் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

‘கூலிச்சுரண்டல் பட்டறை’ என்று எழுதலாமே.

வாசகர், மதுரை