தங்க வண்டு புதுசுன்னு யார் சொன்னது?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

பெங்களூரு ஏரிக்கரையில வாசகர் ஒருத்தர் எடுத்த தங்க கலர் வண்டு போட்டோவைப் போட்டு 'புதிய இனம் கண்டுபிடிப்பு'ன்னு தலைப்பு கொடுத்திருந்தீங்க. போட்டோ சூப்பர், தலைப்புதான் இடிக்குது. அது ஆமை வண்டு வகை சார், நெய்வேலி காட்டாமணக்கு, சக்கரவள்ளின்னு இருக்கற இலையெல்லாம் ஓட்டை போட்டுத் தின்னுட்டு இங்க சாதாரணமா சுத்திட்டு இருக்கறதுதான்.

புதுசுன்னு சொல்லணும்னா பழசையெல்லாம் பாத்திருக்கணும் இல்லையா. ஒரு இனத்தை முதல்ல விவரிச்சு பேர் வச்சவர் கையில இருந்த பூச்சியைத்தான் டைப் ஸ்பெசிமன்ங்கறாங்க, சந்தேகம் வந்தா அதுகிட்டதான் போய் நிக்கணும். நம்ம ஊர் பூச்சிங்களோட பழைய டைப் நிறைய ஐரோப்பாவுல இருக்கு. தரங்கம்பாடி டென்மார்க்காரங்க கையில இருந்தப்ப 1768-ல அங்க வந்த கோனிக், அப்புறம் டால்டார்ஃப்னு பல பேர் பூச்சி பிடிச்சு கப்பல்ல அனுப்ப, டென்மார்க் பூச்சி ஆராய்ச்சியாளர் ஃபேப்ரிசியஸ் ஐரோப்பாவுல உக்காந்தபடியே பேர் வச்சாரு. நம்ம பக்கம் ரொம்ப சகஜமா கிடைக்கற புள்ளி போட்ட ஆமை வண்டுக்கும் 1775-ல பேர் வச்சது அவர்தான்.

சிக்கல் என்னன்னா அந்தக் காலத்துல லத்தீன்ல ரெண்டு மூணு வரி எழுதிட்டு விட்டுடுவாங்க, அஞ்சாறு வண்டு இருந்தா எதைப் பாத்து எழுதினேன்னு சொல்ல மாட்டாங்க, பின்னாடி வேற யாரோ அதே பெட்டியில இன்னும் நாலைக் குத்தி வச்சிருப்பாங்க, பாதிக்கு லேபிளே இருக்காது. அதனால கையெழுத்து, ஊசி, சைஸ், புள்ளி எல்லாத்தையும் அந்த ரெண்டு வரியோட ஒத்துப் பாத்து, கடைசியில ஒண்ணைத் தேர்ந்தெடுத்து இனிமே இதுதான் டைப், அதாவது லெக்டோடைப்னு அறிவிக்கறாங்க. பொறுமை வேணும், நமக்கெல்லாம் ஆகாது!

இதுல இன்னொரு கூத்து, அந்தத் தங்க மினுமினுப்பு ஓட்டு அடுக்குல இருக்கற ஈரத்தால வர்றது, செத்துக் காஞ்சா போயிடும். மியூசியத்துல இருக்கறது மங்கின பழுப்பு வண்டு, உங்க போட்டோவுல இருக்கறது நகைக்கடை. கலரை வச்சு எப்படி ஒப்பிடுவீங்க?

மௌலிக் 1919-ல எழுதின இந்திய ஆமை வண்டுகள் புக் நெட்லயே ஃப்ரீயா கிடைக்குது, நம்ம ஹெப்பால்லயே தேசிய பூச்சி வள மையம் இருக்கு, அச்சடிக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டோ எடுத்தவர்கிட்ட எந்தச் செடி, எந்த ஏரி, என்ன தேதின்னு கேட்டு ஒரு சின்ன திருத்தத்தோட சேத்துப் போடுங்க சார், தலைப்பை விட அது பிரயோஜனம்.

இப்படிக்கு,
அல்சூர் வாசகர்