டிக்கெட் போட்டாச்சா?

அன்புத் தோழிக்கு,

இங்கே எல்லாரும் நலம். முட்டி வலிக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், பரவாயில்லை. நேற்று உன் தங்கை பேசினாள். விடுமுறைக்கு இங்கே வர நீங்கள் இன்னும் விமான டிக்கெட் போடவில்லையாம். செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் விலை இறங்கும் என்று கண்விழித்துப் பார்க்கிறாயாமே! பரீட்சைக்குக்கூட ஒன்பது மணியைத் தாண்டாதவள்டி நீ.

அந்தச் செவ்வாய்க்கிழமைக் கதையை விட்டுவிடு. இப்போது விலை ஒரே நாளில் பலமுறை மாறுகிறது. வாங்கும் கிழமையைவிடப் பறக்கும் கிழமைதான் முக்கியம். வெள்ளியும் ஞாயிறும் கூட்டம். வார நடுவில் பெரும்பாலும் குறைவு. உன் வீட்டுக்காரர் இன்னும் ஒரு நாள் லீவு போட்டால், நீ ராத்திரி முழுக்க விழித்திருப்பதைவிட அதிகம் மிச்சமாகும்.

நீ தேடுவதைக் கண்டுபிடித்து விலையை ஏற்றுகிறார்கள் என்றும் சொன்னாயாம். விஷயம் வேறு. ஒரே மாதிரி சீட்டுகளையே பல விலை அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து வைத்திருக்கிறார்கள். கீழ் அடுக்கில் இருப்பது விற்றுத் தீர்ந்ததும் அடுத்த அடுக்கின் விலை வந்து நிற்கும். நீங்கள் நாலு பேர், இல்லையா? கீழ் அடுக்கில் இரண்டே சீட் மிச்சமிருந்தால், பல தளங்களில் நாலு பேருக்கும் மேல் அடுக்கு விலையைத்தான் காட்டும். ஒருமுறை ஒரே ஆளுக்கு என்று போட்டுப் பார். விலை குறைந்தால் இரண்டிரண்டாக வாங்கலாம். ஆனால் விமானம் ரத்தானால் இரண்டு முன்பதிவையும் தனித்தனியாகத்தான் மாற்றித் தருவார்கள். குழந்தைகளோடு வருகிறாய், அதையும் யோசித்துக்கொள்.

கடைசி நேரத்தில் காலி சீட்டைச் சல்லிசாகத் தள்ளிவிடுவார்கள் என்று உன் வீட்டுக்காரர் சொல்வதை மட்டும் நம்பாதே. 1977இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'சூப்பர் சேவர்' என்று ஒரு கட்டணம் கொண்டுவந்தது. ஊர் சுற்றப் போகிறவர்கள் முன்னாலேயே திட்டம் போடுவார்கள், அவர்களுக்கு மலிவு; அவசர வேலையாகக் கடைசியில் ஓடிவருகிறவர் என்ன விலையானாலும் கொடுப்பார். அடுத்த வருடமே அமெரிக்காவில் விமானக் கட்டணத்தின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் வந்தது, இந்தக் கணக்கு வேரூன்றிவிட்டது. இன்றும் பல மலிவுக் கட்டணங்களுக்கு 21, 14, 7 நாள் முன்பே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அந்த நாள் கடந்தால், விமானம் பாதி காலியாகக் கிடந்தாலும் அந்த விலை கிடைக்காது.

அதற்காகப் பதினோரு மாதம் முன்னாலேயே ஓடு என்று சொல்லவில்லை. அப்போது பல நேரம் நடுத்தர விலைதான் இருக்கும். உள்நாட்டுக்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம், வெளிநாட்டுக்கு இரண்டிலிருந்து ஆறு மாதம் முன்பு என்பது பொதுவாகச் சரிவரும் கணக்கு. விடுமுறைக் காலம் என்றால் இன்னும் முன்னால். நீங்கள் வருவது விடுமுறையில், அதனால்தான் பதறுகிறேன்.

இப்படிச் செய். விமான விலை தேடும் கூகுள் ஃபிளைட்ஸ் தளத்தில், விலை மாறினால் தகவல் வரும்படி எச்சரிக்கை வை. அது இப்போதைய விலை வழக்கத்தைவிடக் குறைவா அதிகமா என்றும் பல வழித்தடங்களுக்குக் காட்டும். நாலு பேருக்கும் லக்கேஜ் சேர்த்து உங்களால் தாங்க முடிந்த தொகையை இன்றே இருவரும் உட்கார்ந்து முடிவு பண்ணுங்கள். அந்தத் தொகைக்குள் வந்த அன்று வாங்கிவிடு, இன்னும் இறங்குமா என்று காத்திருக்காதே. வாங்கிய பிறகு இறங்கினால், மாற்றுவதற்குத் தனிக் கட்டணம் கேட்காத டிக்கெட்டாக இருந்தால், வித்தியாசத்தைத் திரும்பக் கேட்க முடிகிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் அந்தப் பக்கத்தையே திறக்காதே. மிகக் குறைந்த விலை எந்த நாள் வரும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம், டீச்சரைப் போய்ப் பார்த்தேன். இளைத்துப்போய்விட்டார். ஆளை அடையாளம் தெரிகிறது, பேச்சுதான் குறைந்துவிட்டது. "அவள் எப்போ வருகிறாள்?" என்று இரண்டு தடவை கேட்டார். விடுமுறைக்கு வருகிறாள் என்று உனக்காக நான் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கொஞ்சம் விலை கூடினாலும் கூடட்டும்டி, இந்த முறை தள்ளிப்போடாதே.

டிக்கெட் போட்டதும் விமான எண்ணையும் இறங்கும் நேரத்தையும் அனுப்பு. எத்தனை பெட்டி என்றும் சொல், அதற்குத் தகுந்த வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும்.

உன் அன்புத் தோழி