ஆர்டர் வந்த பிறகு கமிஷன் வாங்கிக்கொள்ளலாமே?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு அரசாங்க டெண்டர்களில் கலந்துகொள்ள உதவும் எங்கள் பீனியா அலுவலகத்துக்குக் கொஞ்ச நாளாக வருகிற பட்டறைக்காரர்கள் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "முன்கூட்டியே கட்டணம் எதற்கு? வெளிநாட்டு அரசாங்க ஆர்டரைப் பிடித்துக் கொடுங்கள், ரெண்டு பர்சென்ட் எடுத்துக்கொள்ளுங்கள்." தனியார் கம்பெனிக்குச் சரக்கு விற்கும்போது அது வழக்கம்தான். அரசாங்கக் கொள்முதலில் சரிப்பட்டு வராது. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிட்டால் எல்லோருக்கும் ஆகும் என்றுதான் இந்த மடல்.

உலக வங்கிப் பணத்தில் ஒரு நாடு சரக்கு வாங்க டெண்டர் விட்டால், நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தரும் கடிதத்திலேயே ஒரு கட்டம் இருக்கும். இந்த டெண்டருக்காக யாருக்காவது கமிஷன், அன்பளிப்பு, கட்டணம் ஏதாவது கொடுத்தீர்களா, கொடுக்கப் போகிறீர்களா? பெயர், முகவரி, காரணம், தொகை எல்லாம் எழுத வேண்டும். எங்கள் கட்டணத்தையும் அதில் எழுதத்தான் வேண்டும். "டெண்டர் படிவம் தயாரித்ததற்கு இவ்வளவு" என்று இருந்தால் வாங்கும் அதிகாரி படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். "ஆர்டர் கிடைத்தால் இத்தனை சதவீதம்" என்று இருந்தால், இந்த ஆள் யாரைப் போய்ப் பார்த்தான் என்ற யோசனை வரும். அந்த யோசனை வந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். இன்னொன்று, சதவீதத்துக்கு வேலை செய்கிறவன் உங்களை எல்லா டெண்டரிலும் இறங்கச் சொல்வான். எங்கள் வேலையில் பாதி, இதில் இறங்காதீர்கள் என்று சொல்வது.

எதில் இறங்கக் கூடாது? அமெரிக்க மத்திய அரசுக்கு நேரடியாகச் சரக்கு விற்கலாம் என்று மின்னஞ்சல் வந்தால் நிதானியுங்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் அவர்கள் சொந்த நாட்டுச் சரக்கையும், தங்களோடு கொள்முதல் உடன்பாடு வைத்துள்ள நாடுகளின் சரக்கையும்தான் பொதுவாக வாங்குவார்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் உடன்பாட்டில் நாம் 2010 முதல் பார்வையாளர் மட்டுமே, உறுப்பினர் இல்லை. அமெரிக்க அரசின் சப்ளையர் பதிவே இலவசம். அதைச் செய்து தருகிறேன் என்று டாலர் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஐ.நா. அமைப்புகளுக்கான சப்ளையர் பதிவும் இலவசம்தான். ஐ.நா. பெயரைச் சொல்லிப் பதிவுக் கட்டணம் கேட்டால் அது மோசடி, யோசிக்கவே வேண்டாம்.

திறந்திருக்கும் கதவுகளில் எங்களுக்குப் பிடித்தது எக்ஸிம் வங்கி எனப்படும் இந்திய ஏற்றுமதி-இறக்குமதி வங்கியின் கடன் திட்டம். இந்திய அரசின் ஆதரவோடு நம் எக்ஸிம் வங்கி ஆப்பிரிக்க, ஆசிய நாட்டு அரசுகளுக்குக் கடன் தருகிறது. அந்தப் பணத்தில் அவர்கள் கொடுக்கும் ஒப்பந்த மதிப்பில் பொதுவாக 75 சதவீதத்துக்குக் குறையாமல் இந்தியாவிலிருந்து வாங்க வேண்டும். போட்டி இந்தியக் கம்பெனிகளுக்குள்தான். பணமும் இங்கேயே, எக்ஸிம் வங்கி மூலம் வந்துவிடும். ஆனால் பெரும்பாலும் மொத்தத் திட்டமாகத்தான் டெண்டர் வரும். சின்னப் பட்டறை தனியாக நிற்க முடியாது. அப்போது திட்டத்தை எடுக்கும் பெரிய கம்பெனியைத் தேடி, உங்கள் பொருளை டெண்டரில் காட்ட அவர்களுக்கு அனுமதி தரும் உற்பத்தியாளர் அங்கீகாரக் கடிதத்தைக் கொடுத்து உங்களை உள்ளே சேர்ப்போம். திட்டம் அவர்களுக்குக் கிடைத்தால், கடிதத்தில் பெயர் உள்ள உங்கள் பக்கம்தான் பொதுவாக ஆர்டர் வரும். பாதியில் வேறு பட்டறைக்கு மாற்றுவது அவர்களுக்கு லேசில்லை.

சரி, சேர்த்துக்கொள்ளும் கம்பெனி கிடைத்தாலும் டெண்டருக்குப் பொருள் பொருந்த வேண்டுமே. ராஜாஜிநகரில் பம்ப் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர், பிலிப்பைன்ஸ் பாசன டெண்டர் ஒன்றுக்குத் தன் கேட்லாக்கை அப்படியே அனுப்பலாம் என்றார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அங்கே 60. அதே பம்ப் அங்கே 1.2 மடங்கு வேகத்தில் சுற்றும். மோட்டார் மேல் விழும் சுமையோ சுமார் 1.7 மடங்கு. மோட்டார் எரியாமல் இருக்க பம்ப்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரைக் கடைந்து சிறிதாக்கி, 60 ஹெர்ட்ஸில் ஓட்டிச் சோதனை அறிக்கை எடுக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு, அவரே வேண்டாம் என்றார். 60 ஹெர்ட்ஸ் என்பது டெண்டரின் நாலாவது பக்கத்தில் ஒரே ஒரு வரிதான்.

வாங்குகிற அரசாங்கம் சொன்ன மாதிரிதான் பொருள் போக வேண்டும் என்பதற்கு நம் மைசூர்ப் பெயிண்ட்ஸ் நல்ல உதாரணம். 1937ல் தொடங்கிய அரசு நிறுவனம்; தேர்தல் மை இங்கிருந்து பல நாடுகளுக்குப் போகிறது. கம்போடியாவில் வாக்காளர் விரலையே மையில் முக்குவார். புர்கினா பாசோவில் தூரிகையால் தடவுவார்கள். அதற்கேற்பப் புட்டியும் மூடியும் நாட்டுக்கு நாடு மாறும்.

அப்புறம் பேங்க் கேரண்டி, அதாவது டெண்டரில் கொடுத்த வாக்கை நீங்கள் மீறினால் பணம் தருவதாக உங்கள் வங்கி எழுதிக் கொடுக்கும் கடிதம். நல்ல விலை போட்டும் டெண்டர் தள்ளுபடியாவது பெரும்பாலும் இங்கேதான். உங்கள் கிளை மேலாளர், "எங்கள் தலைமை அலுவலக ஃபார்மட்டில்தான் தருவோம்" என்பார். டெண்டரோ பொதுவாகத் தன் ஃபார்மட்டைத்தான் கேட்கும். உலக வங்கி டெண்டரில், விலைப்புள்ளி செல்லுபடியாகும் காலம் முடிந்து இன்னும் 28 நாளுக்கு அந்தக் கேரண்டி உயிரோடு இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் போச்சு. இதைக் கடைசி வாரத்தில் ஆரம்பித்தால் முடியாது. டெண்டர் எடுத்த அன்றே வங்கிக்குப் போங்கள், நாங்களும் கூட வருகிறோம். கடைசி நேரம் என்று போட்டிருப்பது அந்த நாட்டு நேரம் என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே கட்டணம் மூன்று தவணை: டெண்டரைப் படித்து, இறங்கலாமா வேண்டாமா என்று எழுதித் தருவதற்கு ஒன்று, படிவமும் கேரண்டியும் தயாரிக்க ஒன்று, ஆர்டர் வந்தால் ஒப்பந்தம், கப்பல் ஆவணம் பார்க்க ஒன்று. வேண்டாம் என்று நாங்கள் சொன்னால் முதல் தவணையோடு கணக்கு முடிந்தது.

வரும்போது ஐஇசி (ஏற்றுமதி-இறக்குமதிக்கான பதிவு எண்) நகல், மூன்று வருட ஆடிட் கணக்கு, பொருளின் சோதனை அறிக்கை, இதுவரை எந்த அரசுத் துறைக்காவது சப்ளை செய்திருந்தால் அந்த ஆர்டர் நகல் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். ரயில்வேக்கோ மின்வாரியத்துக்கோ கொடுத்த பழைய ஆர்டரும் அனுபவக் கணக்கில் சேரும், பழசு என்று வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.

அன்புடன்,
அலுவலகத்தார்
பீனியா, பெங்களூரு