புகார்: கேம்பருக்கும் ட்ரெய்லருக்கும் ஒரே ஃபியூஸ் வைத்த வயரிங்

பெறுநர்:
சேவை மேலாளர்,
ட்ரக் வயரிங் பணிமனை,
கொலராடோ.

பொருள்: பிக்கப்பில் செய்த கேம்பர், ட்ரெய்லர் வயரிங்கின் குறைகள் – மறுவேலை கோருதல்.

ஐயா,

என் ஒரு டன் வகை பிக்கப் ட்ரக்கின் பெட்டியில் கேம்பர் (தங்கும் அறை) ஏற்றி, பின்னால் ட்ரெய்லரையும் இழுக்கிறேன். அதில் உங்கள் பணிமனை செய்த வயரிங்கை ஒவ்வொரு இணைப்பாகத் திறந்து பார்த்து, மல்டிமீட்டரில் அளந்துவிட்டு இதை எழுதுகிறேன். பில்லில் "கேம்பருக்குத் தனி சார்ஜ் லைன், 6 கேஜ், பிளஸ் மைனஸ் இரண்டும்" என்று இருக்கிறது (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடியாகும்). வண்டியில் அப்படி ஒரு வயரே இல்லை. ட்ரெய்லரை இணைக்கும் பின்பக்க 7 முள் சாக்கெட்டுக்குப் போகும் 12 கேஜ் கறுப்பு சார்ஜ் வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் ஒன்றைப் போட்டு, அங்கிருந்து கேம்பருக்கு இழுத்துவிட்டிருக்கிறார்கள். கேம்பர், ட்ரெய்லர் இரண்டுக்கும் சேர்த்து முன்பக்கம் ஒரே ஒரு 20 ஆம்பியர் ஃபியூஸ்தான்.

ஆபத்தே இந்த ஒற்றை ஃபியூஸில்தான் இருக்கிறது. கேம்பரில் இருப்பது 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி. அது நன்றாக இறங்கியிருக்கும்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது, ஃபியூஸ் போய்விடுகிறது. ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது, டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. ட்ரெய்லரின் சார்ஜ் முள்ளும் அதோடு செத்துவிடுகிறது. அந்த முள்தான் பிரேக்அவே பேட்டரியைச் சார்ஜில் வைத்திருப்பது. ட்ரெய்லர் கொக்கியிலிருந்து கழன்றால் பிரேக்அவே சுவிட்சின் ஊசி உருவிக்கொண்டு வர, அந்தச் சிறு பேட்டரி தானாக ட்ரெய்லர் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். வணிக ட்ரெய்லர்களுக்கு அமெரிக்க மத்திய விதி இதைக் குறைந்தது 15 நிமிடம் என்று வைத்திருக்கிறது. சார்ஜ் இல்லாத பேட்டரி ஒரு நிமிடமும் பிடிக்காது. ஐசனோவர் சுரங்கத்தைத் தாண்டி ஐ-70 நெடுஞ்சாலையின் மலை இறக்கத்தில் பின்னால் இரண்டு அச்சு ட்ரெய்லரோடு இறங்கும் ஒரு வண்டிக்கு இதைச் செய்திருக்கிறீர்கள்.

ஃபியூஸ் போகாத நாட்களிலும் கேம்பர் பேட்டரி ஏறுவதில்லை. கணக்கு எளிது. 12 கேஜ் வயருக்கு ஆயிரம் அடிக்கு சுமார் 1.6 ஓம் தடை. போக 25 அடி, வர 25 அடி, மொத்தம் 0.08 ஓம். ஃபிரிட்ஜ் ஓடும்போது லைனில் 12 ஆம்பியர் போகிறது. ஏறக்குறைய 1 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. ட்ரக் பேட்டரியில் 14.2 வோல்ட் இருக்க, கேம்பரில் நான் அளந்தது 13.2. அந்த 12 ஆம்பியரையும் 12 வோல்ட்டில் ஓடும் ஃபிரிட்ஜே தின்றுவிடுகிறது. நாள் முழுக்க ஓட்டினாலும் பேட்டரி காலையில் இருந்த இடத்திலேயே நிற்கிறது. இன்ஜினை நிறுத்திய பிறகும் இணைப்பு அறுபடுவதில்லை. 13 வோல்ட்டுக்கு மேல் நிற்கும் லித்தியம் பேட்டரியிலிருந்து கரண்ட் பின்னோக்கி ட்ரக் பேட்டரிக்குப் பாய்கிறது.

தொலைபேசியில் உங்கள் ஊழியர், "6 கேஜ் மாற்றித் தருகிறோம், சரியாகிவிடும்" என்றார். ஆகாது. வயரை மட்டும் தடியாக்கினால் தடை 0.02 ஓம் ஆகக் குறையும். அதே இறங்கிய லித்தியம் பேட்டரி இப்போது 60, 70 ஆம்பியர் இழுக்கும். வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டர் (இன்ஜினில் ஓடும் மின் ஜெனரேட்டர்) சூடேறிக் கெடுவது இப்படித்தான். மெல்லிய வயர் இதுவரை ஆல்டர்னேட்டரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்றே சொல்லலாம். 6 கேஜ் வயரும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜரும் (கரண்ட்டை அளவோடு இழுத்து, பேட்டரிக்கு வேண்டிய வோல்ட்டில் கொடுக்கும் கருவி) சேர்ந்தே வர வேண்டும். சார்ஜர் கேம்பர் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இக்னிஷன் சிக்னல் வந்தால் மட்டும் இயங்கட்டும். முழுவேகத்தில் அது உள்ளே இழுப்பது 36 ஆம்பியர் அளவுதான், வழியில் 0.7 வோல்ட் போனாலும் வெளியே 14.4 வோல்ட் கொடுத்துவிடும்.

லைனின் இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும். இதை உங்கள் ஆட்கள் யோசிக்கவே இல்லை. இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறதல்லவா? பிக்கப் பெட்டியின் விளிம்பில் உரசி வயர் ஷார்ட் ஆனால் ட்ரக் பக்க ஃபியூஸ் போகும். கேம்பர் பக்கத்திலிருந்து லித்தியம் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதே ஷார்ட்டில் கொட்டிக்கொண்டே இருக்கும். பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ், இரு பக்கமும். நடுவில், கேம்பரை இறக்கும்போது கழற்ற, 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக்.

விளக்குகளுக்கு வருகிறேன். நிறத்துக்கு நிறம் சேர்த்திருக்கிறார்கள், அது தவறு. ட்ரக் பக்க வயரிங்கில் பழுப்பு டெயில் லைட், பச்சை வலது இண்டிகேட்டர். கேம்பர் பக்கம் ஆர்வி (தங்கும் வசதியுள்ள வண்டிகள்) நிறமுறையில் பச்சைதான் டெயில் லைட், பழுப்பு வலது இண்டிகேட்டர். அதனால் ஹெட்லைட் போட்டதும் கேம்பரின் வலது இண்டிகேட்டர் அணையாமல் எரிகிறது. வலப்பக்கம் திரும்பினால் டெயில் லைட் மினுக்குகிறது. மஞ்சளிலும் இதே குழப்பம்: ட்ரக்கில் அது இடது இண்டிகேட்டர், கேம்பரில் ரிவர்ஸ். டெஸ்ட் லாம்ப் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை.

கேம்பர் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் ட்ரெய்லர் சாக்கெட்டை 6 அடி நீட்டியிருக்கிறீர்கள், ஏழு வயரும் 16 கேஜில். ட்ரெய்லரில் மின்சார பிரேக்கை இயக்கும் நான்கு காந்தங்கள், ஒன்றுக்குச் சுமார் 3 ஆம்பியர். முழு பிரேக்கில் ட்ரக் சாக்கெட்டில் 12.4 வோல்ட், நீட்டிப்பின் முனையில் 11.1. பாதி நஷ்டம் வயரில், மீதி எர்த்தில். எர்த்துக்கான வெள்ளை வயரைப் பெயிண்ட் அடித்த கொக்கித் தாங்கியில் ஒரு ஸ்குரூவால் இறுக்கியிருக்கிறார்கள். பிரேக் பிடித்தபடி இண்டிகேட்டர் போட்டால் விளக்குகள் மங்கி, எதிர்ப்பக்கமும் மினுக்குவது அதனால்தான். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் மற்ற பல்புகள் வழியே போகிறது. பிரேக்குக்குப் போகும் நீல வயரும் வெள்ளையும் 10 கேஜ் ஆக வேண்டும். எர்த் சேஸிஸில், பெயிண்டைச் சுரண்டிய இடத்தில், லக் (வயர் முனையில் அழுத்தும் உலோக வளையம்) வைத்து இறுக்க வேண்டும்.

கிளிப் இணைப்புகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அவை வயரின் இழைகளை வெட்டுகின்றன, ஈரத்தை உள்ளே விடுகின்றன. இங்கே குளிர்காலத்தில் சாலையில் தெளிக்கும் மக்னீசியம் குளோரைடு செம்பை எப்படி அரிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நான் திறந்த மூன்றில் இரண்டு ஏற்கெனவே பச்சை பூத்திருந்தன. கிரிம்ப் செய்து (உலோகக் குழாயில் வைத்து அழுத்தி), பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போட்டுத் தாருங்கள்.

14 நாட்களுக்குள் வேலையை மேலே சொன்னபடி கூலி இல்லாமல் மறுபடி செய்து தர வேண்டும். பில் போட்டும் போடாத 6 கேஜ் வயரின் விலையை டிசி-டிசி சார்ஜரில் கழித்துக்கொள்ளலாம். சார்ஜரின் மீதி விலையை நான் தருகிறேன். ட்ரெய்லர் சார்ஜ் முள்ளுக்குத் தனி ஃபியூஸ் கட்டாயம். முடிந்ததும், கேம்பரும் ட்ரெய்லரும் மாட்டிய நிலையில், முழு பிரேக்கில் எடுத்த வோல்ட் அளவுகளை எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள். முடியாதென்றால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும்.

பில் நகல், இணைப்புகளின் படங்கள், அளவுகளின் பட்டியல் இணைத்துள்ளேன். மறுவேலை முடியும்வரை ட்ரெய்லரை இந்த வண்டியில் மாட்டப்போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்