நருட்டோவுக்கு ஹினாட்டாதான், வருத்தம் சகுராவுக்காக

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கடந்த வாரம் இளையர் பக்கத்தில், 'நருட்டோ' என்ற ஜப்பானிய மங்காவின் (சித்திரக்கதையின்) நாயகன் நருட்டோவுக்கு ஏற்ற ஜோடி யார், கூடவே வளர்ந்த நின்ஜா பெண்களில் சகுராவா, ஹினாட்டாவா என்று வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதிய மாணவர் சகுரா கட்சி. எங்கள் வீட்டிலும் அந்தக் கட்சிக்கு ஆள் உண்டு. தேசிய சேவையில் இருக்கும் என் அக்கா மகன், சனிக்கிழமை முகாமிலிருந்து வந்து சீருடையைச் சலவை இயந்திரத்தில் போட்ட கையோடு சகுராவுக்கு வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடுவான். அவன் பிறப்பதற்கு முன்பே, 1999இல் தொடங்கிய கதை அது!

இவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான். நருட்டோ சிறு வயதிலிருந்தே சகுராவை விரும்பினான். அவள் அழுது கேட்டாள் என்பதற்காக ஊரைவிட்டுப் போன நண்பன் சசுகேயைத் திரும்ப அழைத்து வருவதாக வாக்குக் கொடுத்து, அதற்காக உயிரையும் பணயம் வைத்தான். இவ்வளவு செய்தவனுக்கு அவள் கிடைக்க வேண்டாமா?

ஏன் கிடைக்க வேண்டும்? அவள் மனம் முதல் அத்தியாயங்களிலிருந்து கடைசிவரை சசுகேயிடம்தான் இருந்தது. வேண்டாம் என்ற பெண்ணைப் படம் முழுக்கத் துரத்தி, அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று கிளைமாக்ஸில் தலையாட்ட வைக்கும் கதைகளை நாம் சினிமாவில் போதுமான அளவு பார்த்துவிட்டோம். நருட்டோவே அந்த வேலையைச் செய்யவில்லை. 469ஆம் அத்தியாயத்தில், கொட்டும் பனியில் சகுரா வந்து "உன்னைத்தான் விரும்புகிறேன்" என்கிறாள். அவன் துள்ளிக் குதித்திருக்க வேண்டும் அல்லவா? தன் மனத்துக்கே பொய் சொல்பவர்களைத் தனக்குப் பிடிக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். அவள் மனம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். ரசிகர்கள்தாம் இன்னும் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்.

ஹினாட்டா வெறுமனே ஒளிந்து நின்று பார்த்தவள் என்று கட்டுரை சொன்னது தவறு. நின்ஜாக்களின் பதவி உயர்வுக்கான சூனின் தேர்வில் ஊரே ஏளனமாகப் பார்த்த பையனிடம் தயங்கித் தயங்கி மருந்து டப்பாவை நீட்டியவள் அவள். அதே தேர்வில் அவள் தன் ஒன்றுவிட்ட அண்ணன் நெஜியிடம் அடி வாங்கிச் சரிந்தபோது, தரையில் சிந்திய அவள் ரத்தத்தைக் கையில் எடுத்து, நெஜியை வெல்வேன் என்று சபதம் போட்டவன் நருட்டோ. பிறகு 437ஆம் அத்தியாயம்: ஊரை அழிக்க வந்த எதிரி பெயின் அவனைக் கம்பிகளால் தரையோடு அறைந்து வைத்திருக்கிறான். தோற்போம் என்று தெரிந்தே குறுக்கே வந்து நிற்கிறாள். காதலைச் சொல்கிறாள், பதிலுக்குக் காத்திருக்காமல் சண்டைக்குப் போகிறாள்.

ஆனால் அந்தப் பதில் மங்காவில் வரவே இல்லை. போரில் நெஜி இறந்த பிறகு அவள் கையைப் பிடித்து நன்றி சொல்கிறான், அவ்வளவுதான். 2014 நவம்பரில் வந்த 700ஆவது, கடைசி அத்தியாயத்தைத் திறந்தால் இருவருக்கும் இரண்டு பிள்ளைகள்! பெண் பார்த்ததும் தெரியாது, நிச்சயமானதும் தெரியாது, குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழாவுக்கு மட்டும் அழைப்பு வந்த மாதிரி. அவன் மனம் எப்படி மாறியது என்பதை அடுத்த மாதம் வந்த திரைப்படத்தில்தான் காட்டினார்கள். சகுரா கட்சிக்காரர்கள் ஏமாந்த கோபத்தில் பேசுவதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. பழி கதாசிரியர் கிஷிமோட்டோ மீதுதான். ஹினாட்டாவை ஏன் திட்ட வேண்டும்?

உண்மையில் சண்டை போட வேண்டியது சசுகே, சகுரா ஜோடியைப் பற்றித்தான். தன்னைக் கொல்லவே வந்த சசுகேயைச் சகுரா மணந்துகொண்டாள். அவனோ ஊர் ஊராகப் போய்விட்டான். பெற்ற மகள் சாராதாவுக்கே அப்பா முகம் சரியாகத் தெரியவில்லை, அம்மா பெற்ற அம்மாதானா என்ற சந்தேகம் வேறு. மருத்துவத்தில் அவ்வளவு பெயர் எடுத்த பெண்ணுக்கு இந்த முடிவா? அவள் யாரையும் கட்டாமல் இருந்திருந்தால்கூட எனக்குச் சம்மதமே. இதைச் சொன்னால் அக்கா மகன் அடங்கிவிடுகிறான், ஏனென்றால் இந்த இடத்தில் இருவரும் ஒரே கட்சி.

கட்டுரையின் கடைசி வரியில், அடுத்து 'பிளீச்' மங்காவின் நாயகன் இச்சிகோவின் ஜோடியைப் பற்றி எழுதப்போவதாக அந்த மாணவர் சொல்லியிருக்கிறார். தாராளமாக எழுதட்டும். கதையில் இச்சிகோ ஒரிஹிமேயைத்தான் மணந்தான், ஆனால் நான் ருக்கியா கட்சி. அப்போது எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் இடம் ஒதுக்கித் தாருங்கள்.

வாசகி,
ஈசூன்