மெஷின் அங்கேயேதான் இருக்கிறது, கம்பெனி மட்டும் மாறிவிட்டது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் பனியன் துணிக்கு ஜாப் ஒர்க் முறையில் பிரிண்டிங் செய்து கொடுப்பவன் நான். எங்களுக்குப் பாக்கி வைத்த ஒரு நிறுவனத்தின் மீது குறு, சிறு தொழில்களுக்கான வசதியாக்க மன்றத்தில் முறையிட்டு, சாதகமான உத்தரவும் பெற்றோம். அதை நிறைவேற்ற நீதிமன்ற அமீனாவுடன் சென்றபோது, அதே கட்டடத்தில் அதே நிட்டிங் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெயர்ப்பலகையும் பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணும்தான் வேறு. முதலாளியின் மைத்துனர் நடத்தும் புதிய கம்பெனிக்கு மெஷின்களை விற்றுவிட்டதாக ஒரு பில்லை நீட்டினார்கள். அதில் போட்டிருந்த விலையைவிடப் பழைய இரும்புக் கடைக்காரரே கூடுதலாகத் தந்திருப்பார்.

இதைத் தடுக்கச் சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தாய் நிறுவனமான ஜெய்பிரகாஷ் அசோசியேட்ஸ் பெற்ற கடன்களுக்காக ஜேபீ இன்ஃப்ராடெக் என்ற கட்டுமான நிறுவனம் அடமானம் வைத்திருந்த 758 ஏக்கர் நிலத்தை, திவாலாகும் நிறுவனம் தன் உறவு நிறுவனங்களுக்குச் சாதகமாகச் சொத்தை மாற்றியதை ரத்துசெய்ய வழிதரும் 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தைக் கொண்டு 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. ஆனால் அடுத்த மாதமே, அச்சட்டப்படி மனுச் செய்யத் தேவையான குறைந்தபட்ச பாக்கித் தொகை 1 லட்சம் ரூபாயிலிருந்து 1 கோடியாக உயர்த்தப்பட்டது. கொரோனாவைக் காரணம் காட்டிக் கொண்டுவந்த வரம்பு, கொரோனா ஓய்ந்த பிறகும் நீடிக்கிறது. ஒரே பார்ட்டியிடம் 1 கோடி நிலுவை நிற்கும்வரை எந்த ஜாப் ஒர்க் யூனிட் தாக்குப்பிடிக்கும்?

சரி, சிவில் வழக்குப் போடலாம் என்றால், கடன் கொடுத்தவரை ஏமாற்றச் செய்யும் சொத்து மாற்றத்தைச் செல்லாததாக்க வழிசெய்யும் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, அசையாச் சொத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. எங்கள் தொழிலில் சொத்து என்பதே மெஷின்தான். பாரதிய நியாய சம்ஹிதையின் 320ஆம் பிரிவு இதைக் குற்றமென்று சொன்னாலும், காவல் நிலையத்தில் கிடைக்கும் பதில் "இது சிவில் மேட்டர்" என்பதே.

எனவே, வசதியாக்க மன்றத்தின் உத்தரவைக் கையில் வைத்திருக்கும் சிறு நிறுவனங்களுக்கு 1 கோடி வரம்பிலிருந்து மத்திய அரசு விலக்களிக்க வேண்டும். மன்றத்தில் மனு பதிவான நாளுக்கு முந்தைய 2 ஆண்டுகளில் உறவினர் நிறுவனத்துக்குக் கைமாறிய மெஷின்களை அதே உத்தரவின்கீழ் ஜப்தி செய்யவும் சட்டத்தில் இடம் வேண்டும்.

இப்படிக்கு,
ஜாப் ஒர்க் யூனிட் உரிமையாளர் ஒருவர்,
திருப்பூர்.